மரத்தளம் ஏன் சில்லிடுவதில்லை, ஏன் புடைக்கிறது?

ஒரே அறையில் பாதி கருங்கல் தரை, பாதி மரத்தளம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டும் 22 டிகிரிதான். ஆனால் வெறுங்காலைக் கல்லில் வைத்தால் சில்லென்று ஏறுகிறது; மரத்தில் வைத்தால் அப்படி ஏறுவதில்லை. பாதம் உணர்வது தரையின் வெப்பநிலையை அல்ல. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாகப் பறிபோகிறது என்பதைத்தான்.

காரணம் பலகையின் முனையிலேயே தெரியும். குறுக்கே அறுத்த ஓக் துண்டின் முனையைக் கூரிய உளியால் மழமழவென்று சீவி, உருப்பெருக்கியில் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து நீரை மேலேற்றிய குழாய்கள் அவை. மரம் காய்ந்தபின் அவற்றில் இருப்பது காற்று, காற்றோ வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ரேகைக்கு, அதாவது மர இழைகள் ஓடும் திசைக்கு, குறுக்காக மரத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.12 முதல் 0.18 வாட், கருங்கல்லுக்கு 2 முதல் 3 வாட். 32 டிகிரியில் இருக்கும் பாதம் 22 டிகிரிக் கல்லைத் தொட்ட கணத்தில், இரண்டும் சந்திக்கும் பரப்பு சுமார் 25 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே பாதம் மரத்தைத் தொட்டால் சுமார் 29 டிகிரியோடு நின்றுவிடும். அந்த நான்கு டிகிரிதான் சில்லிப்புக்கும் இதத்துக்கும் உள்ள தூரம்.

நடக்கும்போது மரம் சற்றே வளைந்து கொடுப்பதற்கும் இந்தக் குழாய்க் கட்டமைப்பே காரணம். சட்டங்கள் அடித்து அவற்றின் மேல் பலகை பதித்த தளத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். நெடுநேரம் நின்று வேலை செய்பவர்களின் முழங்காலுக்கு நல்லது. ஒலி விஷயத்தில் மட்டும் மரத்தை நம்பிவிடக் கூடாது. பலகைக்கு அடியில் காலி இடம் இருந்தால் காலடிச் சத்தம் முரசுபோல் கீழ்த்தளத்துக்குப் போகும். கார்க் அல்லது ரப்பர் விரிப்பை அடியில் போட்டால்தான் அடங்கும்.

கம்பளத்தைப்போல் தூசியையும் தூசிப்பூச்சிகளையும் இழைகளுக்குள் மரம் பொத்தி வைத்துக்கொள்வதில்லை, பெருக்கினால் போய்விடும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 15 சதுர மீட்டர் அறையில் 20 மில்லிமீட்டர் தடிமன் தளம் என்றால் 0.3 கன மீட்டர் மரம். கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள மரமானால், 90 கிலோ கார்பன் அந்தத் தரையில் அடைபட்டிருக்கிறது.

இத்தனை நன்மையும் தரும் அதே நுண்ணிய அமைப்புதான் ஈரத்தையும் குடிக்கிறது. மரத்தளம் கெட்டுப்போன வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான்; கரையானும் கீறலும் அதற்குப் பின்னால்தான் வரும்.

செல் சுவர்கள் மரத்தின் உலர் எடையில் 28 முதல் 30 சதவீதம்வரை நீரைப் பிடித்துவைக்கும். அந்த அளவுக்குக் கீழே ஈரம் இறங்க இறங்க மரம் சுருங்கும், ஏற ஏற விரியும். அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் பலகையில் 9 சதவீதம் ஈரம் நிற்கும். காற்றில் 70 சதவீதம் ஆனால் பலகையில் 13 ஆகும். இந்த நான்கு சதவீத ஏற்றத்தில் நீளவாக்கில் பலகை கிட்டத்தட்ட அசையாது. அகலத்தில்தான் விளையாடும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள சிவப்பு ஓக் பலகை, ஆண்டு வளையங்களின் போக்கிலேயே அறுத்ததாக இருந்தால் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் விரியும். தேக்கு அதில் பாதிதான். சிறு அளவுதானே என்று தோன்றும். நான்கு மீட்டர் அகல அறையில் அப்படி 40 ஓக் பலகைகள் தடையில்லாமல் விரிந்தால் 60 மில்லிமீட்டர் ஆகிவிடும். வளையங்களுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளிநோக்கி அறுத்த பலகையில் இந்த அசைவு ஏறக்குறையப் பாதியாகும். மரம் அதிகம் வீணாவதால் அதற்கு விலை கூடுதல்; ஈரம் ஏறி இறங்கும் அறைக்கு அந்தக் கூடுதலைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஒட்டு அடுக்குப் பலகையும் இதற்கு நல்ல தீர்வு. மேலே 2 முதல் 6 மில்லிமீட்டர் அசல் மரம். அதற்கு அடியில் ரேகை மாறி மாறி ஓடும் அடுக்குகள். நீளவாக்கில் மரம் அசையாது என்பதால், குறுக்கே ஓடும் அடுக்கு மேலடுக்கின் அகலத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தரைக்கடியில் வெப்பக் குழாய் ஓடும் வீட்டுக்கும் இதுவே பொருந்தும். தடித்த முழுமரம் வெப்பத்தை மேலே வரவிடாது, காய்ந்து இடைவெளியும் விடும். அங்கே மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிப்பதற்கு முன் கான்கிரீட்டைச் சோதியுங்கள். 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் துளிகள் கோத்திருந்தாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ அங்கே மரம் பதிக்கக் கூடாது. தாள் உலர்ந்து இருப்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது, ஈரமானியாலும் அளந்துவிடுங்கள். சுவர்ப் பூச்சு, வண்ணம் என்று ஈர வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே பலகைகளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இடையிடையே மெல்லிய குச்சிகள் கொடுத்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். எத்தனை நாள் என்று கணக்கு வைக்க வேண்டாம், ஈரமானி சொல்லட்டும். அகலப் பலகையானால், அதன் ஈரத்துக்கும் அடித்தளம் மரமாக இருந்தால் அதன் ஈரத்துக்கும் இரண்டு சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சுவரோரம் சுற்றிலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்கலாம். பட்டையைச் சுவரில்தான் ஆணியடிக்க வேண்டும். பலகையோடு சேர்த்து அடித்துவிட்டால் இடைவெளி விட்டும் பயனில்லை.

எண்ணெய்ப் பூச்சைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், உள்ளே வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோகப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.

தினசரிப் பராமரிப்பில் மணல்தான் பகை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், தளத்தின் மேல் பூசும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சை விடக் கடினமானது. செருப்படியில் வந்த ஒரு துகள் நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டினால் போதும், வெள்ளைக் கோடாக இழுத்துவிடும். வாசலில் மிதியடியும் நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டும் போடுங்கள். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்தே துடையுங்கள். நீராவி மாப் வேண்டவே வேண்டாம். பூச்சு தேய்ந்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. சில நிமிடங்களில் மரம் உறிஞ்சிக் கருத்தால், மறுபூச்சுக்குக் காலம் வந்துவிட்டது.

பலகைகளின் ஓரங்கள் மேலெழும்பி நடு பள்ளமானால், மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறது என்று பொருள். குழாய்க் கசிவா, காயாத கான்கிரீட்டா என்று பார்த்து முதலில் அதை நிறுத்துங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மேடான ஓரங்களை உடனே இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால் அன்றைக்குத் தரை அழகாக இருக்கும். அடி ஈரம் காய்ந்து பலகை பழைய நிலைக்குத் திரும்பும்போதோ, தேய்த்த ஓரங்கள் தாழ்ந்து நடுப்பகுதி முதுகுபோல் புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடியும் தேய்க்க வேண்டும். முழுமரப் பலகையில் நாக்கும் காடியும் (ஒரு பலகையின் ஓரத்து நீட்டலும் அடுத்த பலகையின் பள்ளமும்) கோக்கும் இடத்துக்கு மேலே உள்ள 6 மில்லிமீட்டர் போலத்தான் தேய்க்கக் கிடைக்கிறது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகலாம். ஆகவே ஈரம் வந்த வழியை அடைத்துவிட்டு, ஈரமானி வாரக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டும்வரை தரையைத் தொடாதீர்கள். பல பலகைகள் அதற்குள் தாமாகவே படிந்துவிடும்.