பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திணறும் சர்வர்

மொரீசியஸின் எபேனில் ஒரு செய்தித் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசகி கேட்கிறார்: "புயல் எச்சரிக்கை கிளாஸ் த்ரீக்கு ஏறினால் எங்கள் தளத்தில் கூட்டம் அள்ளும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் சர்வர் திணறுகிறது, அப்புறம் தானாகவே சரியாகிறது. ஏன்?"

கிளாஸ் த்ரீ என்றால் மொரீசியஸே வீட்டுக்குள் இருக்கும், கையில் போனோடு. ஆனால் கூட்டம் மட்டும்தான் காரணம் என்றால் திணறலும் ஓயாமல் அல்லவா இருக்கவேண்டும்? மணி பார்த்து வரும் கோளாறுக்குப் பின்னால் எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. விடிகாலை 4 மணிக்கு வந்தால், கிரீன்விச் நள்ளிரவுக்கு யாரோ போட்டுவைத்த பேக்கப்பாக இருக்கலாம். நாம் 4 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் செக்பாயின்ட்டை, அதாவது நினைவகத்தில் சேர்ந்த மாற்றங்களை வட்டில் எழுதும் வேலையை, சந்தேகிக்கலாம். பத்து நிமிடம் என்றால் நான் முதலில் பார்ப்பது கேஷ், அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தின் நகலைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் இடம். நகலின் ஆயுள் 600 விநாடி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

விநாடிக்கு 300 பேர் முகப்புப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேஷில் நகல் இருக்கும்வரை டேட்டாபேஸுக்கு வேலையே இல்லை. நகல் காலாவதியாகிறது. புதிதாகத் தயாரிக்க அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடிக்குள் வந்த 150 பேருக்கும் நகல் கிடைக்காது. 150 பேருக்காகவும் அதே கேள்வி தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போகும். தால் பூரி தீர்ந்ததும் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கடைக்குள் புகுந்து ஆளுக்கொரு அடுப்பில் பருப்பு வேகவைப்பதைப் போல. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இயல்பாக அனுமதிப்பதே 151 இணைப்புகள்தான். நெரிசலில் அரை விநாடி வேலை ஐந்து விநாடி ஆகும், அதற்குள் இன்னும் 1,500 பேர் வந்துவிடுவார்கள். கடைசியில் யாரோ ஒருவருடைய கேள்வி முடிந்து புது நகல் கேஷில் உட்காரும். உடனே அமைதி, அடுத்த 600 விநாடிக்கு.

இதற்குச் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது பரிகாரம் செய்வது மாதிரிதான். தானாகச் சரியாகப் போவது சரியானதும் பரிகாரத்துக்குப் பேர் கிடைக்கும். கேஷும் அதே சர்வரில் இருந்தால் அதுவும் காலியாகி நெரிசல் கூடும்.

ஒருவருக்கு மட்டும் தயாரிக்க அனுமதி, மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்று பூட்டுப் போடலாம். ஃபேஸ்புக் இதையொத்த ஏற்பாட்டை 2013இல் விவரித்தது. நெரிசலுக்கு ஆளாகும் தரவுகளில், உச்சத்தில் விநாடிக்கு 17,000 ஆக இருந்த டேட்டாபேஸ் கேள்விகள் 1,300 ஆகக் குறைந்தனவாம்.

எனக்குப் பிடித்தது வேறு. வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு பகடை உருட்டும். காலாவதிக்கு நேரம் நிறைய இருந்தால் பகடை அநேகமாக விழாது. நெருங்க நெருங்க விழும் வாய்ப்பு கூடும். தயாரிக்க அதிக நேரம் பிடிக்கும் பக்கத்துக்கு முன்கூட்டியே கூடத் தொடங்கும். பகடை விழுந்த ஒருவர் புது நகலைத் தயாரிக்கப் போவார். மற்றவர்களுக்குப் பழைய நகல் இன்னும் செல்லும். யாரும் யாரிடமும் பேசவேண்டியதில்லை, பூட்டும் தேவையில்லை! எந்த வடிவில் பகடை உருட்டினால் சிறந்தது என்று 2015இல் மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டே நிறுவினார்கள். நிரலில் இது சில வரிதான். புதுச் சர்வர் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், சில வரிக் கணிதத்துக்கு வெட்டமுடியாது. அதனால்தானோ என்னவோ பணம் சர்வருக்கே போகிறது.

நீங்கள் முதலில், அதிக நேரம் பிடித்த கேள்விகள் பதிவாகும் ஸ்லோ குவெரி லாகைத் திறந்து, திணறும் நேரங்களில் ஒரே கேள்வி கூட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தேடலை விரைவாக்கும் சரியான இன்டெக்ஸ் அதற்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அரை விநாடி 5 மில்லி விநாடியாக இறங்கினால், அந்த இடைவெளிக்குள் வந்து மாட்டுபவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.