112ஆம் பக்கத்தில் இருந்த ஒரு வரி

போன மாதம் ஒரு அறக்கட்டளையின் இயக்குநர் குழு என்னை அவசரமாக அழைத்தது. பள்ளிக் கழிப்பறைகள் கட்ட என்று ஒரு நன்கொடையாளர் கொடுத்திருந்த பணத்திலிருந்து நான்கு மாதம் ஊழியர் சம்பளம் போயிருக்கிறது. யாரும் திருடவில்லை. வரவேண்டிய மானியம் தாமதமானதால், வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்திருக்கிறார்கள். மானியம் வரவேயில்லை.

குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சொன்னது ஒன்றுதான்: "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை." நிர்வாக இயக்குநர் முந்தைய கூட்டத்தின் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். 146 பக்கம். "112ஆம் பக்கத்தில் இருக்கிறதே, எல்லாருக்கும் அனுப்பினேனே" என்றார். புரட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய அட்டவணை. அதன் அடியில், மூக்கருகே கொண்டுபோய்ப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில், "நிதிகளுக்கிடையே தற்காலிக மாற்றம், குறிப்பு 7 காண்க." அந்தக் குறிப்பு 7 எங்கே என்று தேடினால், 131ஆம் பக்கத்தில். கோப்பு மின்னஞ்சலில் போனது கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு பத்தே முக்காலுக்கு. மறுநாள், "நிதி அறிக்கையைக் குழு ஏற்றுக்கொண்டது" என்று கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

பதினெட்டு வருடமாக அறக்கட்டளைகளுக்குக் கூட்டக் கோப்பு தயாரித்துக் கொடுப்பதும், தயாரிக்கச் சொல்லிக் கொடுப்பதும்தான் என் வேலை. இதே மாதிரி விவகாரம் இந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்காவது. இதற்குமேல் பொறுமையாக இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

நான்கிலும் அடியில் இருந்தது ஒரே தப்பெண்ணம். "எல்லாவற்றையும் அனுப்பிவிட்டோம், எதையும் மறைக்கவில்லை, அதனால் எங்கள் கடமை முடிந்தது." பக்கம் கூடக்கூட வெளிப்படைத்தன்மையும் கூடும் என்று நேர்மையான மனிதர்களே நம்புகிறார்கள். நேர்மையானவர்கள் நம்புவதால்தான் இது இத்தனை ஆபத்தானது.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 146 பக்கத்தைப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று படித்தாலும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். குழு உறுப்பினர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. முந்தைய இரவு வந்த கோப்புக்கு ஐந்து மணி நேரம் யாரிடம் இருக்கும்? முதல் சில பக்கங்களைப் படிப்பார்கள், படங்களைப் பார்ப்பார்கள், கடைசியில் கேட்டிருக்கும் தீர்மானத்தைப் பார்ப்பார்கள். நடுவில் இருப்பது அனுப்பப்பட்டிருக்கும், ஆனால் யாரிடமும் போய்ச் சேர்ந்திருக்காது.

நேரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த 146 பக்கத்தில் எந்த வரி தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்று கோப்பைத் தயாரித்தவருக்குத் தெரியும். அவர் தினமும் அதோடுதான் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் உறுப்பினருக்கு அது தெரிய வழியே இல்லை. எது முக்கியம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் கோப்பு தயாரிக்கும் வேலை. பிரிக்காமல் மொத்தமாக அனுப்புகிறவர், அந்த வேலையை அதைச் செய்யவே முடியாதவர் தலையில் கட்டுகிறார். மறைக்கும் எண்ணம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் விளைவு மறைத்தது மாதிரியேதான் இருக்கிறது.

"சுருக்கினால், எதையோ விட்டுவிட்டீர்கள் என்பார்களே" என்று என்னிடம் கேட்காத நிர்வாகி இல்லை. விடச் சொல்லவில்லை. ஒப்பந்த நகல், முழுக் கணக்கு, கள அறிக்கை எல்லாம் இணைப்பாகத் தனியே இருக்கட்டும், வேண்டியவர் திறந்து பார்க்கட்டும். ஆனால் குழு தெரிந்தே ஆக வேண்டியது முன்னால், முழு வாக்கியமாக, தேட வேண்டிய அவசியம் இல்லாமல் இருக்க வேண்டும். "அனுப்பியாகிவிட்டது, இனி பொறுப்பு குழுவுடையது" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சட்டப்படி பொறுப்பு குழுவுடையதுதான், சரி. ஆனால் அந்த வாதத்தால் கழிப்பறை இல்லாத பள்ளிக்கு ஒரு செங்கல்கூட வரப்போவதில்லை.

புதிதாகக் குழுவில் சேர்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. வாஷிங்டனில் உள்ள சிப்லி மருத்துவமனை, லாப நோக்கற்ற நிறுவனம். 1960இல் அதன் விதிகளைத் திருத்தி எழுதி, நிதிக் குழு ஒன்றும் முதலீட்டுக் குழு ஒன்றும் ஏற்படுத்தினார்கள். அந்த இரண்டு குழுக்களும் 1971 வரை ஒருமுறைகூடக் கூடவில்லை. நிர்வாகியும் பொருளாளரும் ஆக இரண்டே பேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள், மற்ற அறங்காவலர்கள் அவர்கள் சொன்னதற்கெல்லாம் சம்மதித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையின் பெரும் பணம் வட்டியே இல்லாத கணக்கில் கிடந்தது. அது கிடந்த வங்கிகளில் சில அறங்காவலர்களுக்கே தொடர்பு இருந்தது. 1974இல் நீதிபதி கெர்ஹார்ட் கெசல், மேற்பார்வை செய்ய வேண்டிய கடமையில் அறங்காவலர்கள் தவறிவிட்டார்கள் என்று தீர்ப்பளித்தார். அந்த அறங்காவலர்களில் பலர் தங்கள் தொழிலுக்கு நடுவே நல்ல எண்ணத்தோடு சேவைக்கு வந்தவர்கள். தினமும் உள்ளே இருக்கும் இரண்டு பேருக்குத் தெரிவது, எப்போதாவது வரும் மற்றவர்களுக்குத் தெரிய ஒரே ஜன்னல் அந்தக் கூட்டக் கோப்புதான். அந்த ஜன்னலைக் காகிதத்தாலேயே அடைத்துவிடவும் முடியும்.

என்னை அழைத்த அறக்கட்டளைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள், தன் பிரதியை எடுத்துக் காட்டினார். வீட்டிலேயே அச்செடுத்து, மூலையில் நூல் கோத்துக் கட்டியிருந்தார். 58ஆம் பக்கம் வரை வரிக்கு வரி பென்சில் கோடு, ஓரமெல்லாம் கேள்விக்குறி. 59இலிருந்து தாள் மடங்காமல் புதிதாக இருந்தது. "ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் படிச்சேன் சார். அதுக்கு மேல கண்ணு ஒத்துழைக்கலை. காலையில எல்லாரும் சரி சரின்னு போனதால, எனக்குத்தான் புரியலபோலன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. இவ்வளவு அக்கறையுள்ள ஒருவரைத் தலைகுனிய வைத்த கோப்பை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சரி, எப்படித் தயாரிக்க வேண்டும்?

ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரே ஒரு பக்கம். அதன் முதல் வரியில், குழு என்ன செய்ய வேண்டும் என்பது இருக்க வேண்டும்: முடிவெடுக்கவா, கலந்து பேசவா, தெரிந்துகொள்ளவா. இந்த மூன்றையும் குழப்புவதுதான் பாதிக் கூட்டங்களை வீணாக்குகிறது. முடிவெடுக்க வேண்டியது என்றால், என்ன முடிவு, என்னென்ன வழிகள், ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, எது தவறிப்போகலாம், நிர்வாகம் எதைப் பரிந்துரைக்கிறது. அவ்வளவுதான். அந்த அறக்கட்டளையின் கோப்பில் தலைப்பு "வாகனம் தொடர்பாக" என்று இருந்தது. அதை நான் இப்படி மாற்றினேன்: "பழுதான வண்டியை விற்றுவிட்டு வாடகை வண்டி அமர்த்தக் குழுவின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து இரண்டு முகாம்கள் நிற்கும்." படிக்கிறவருக்கு வேலை என்னவென்று உடனே பிடிபடுகிறது பாருங்கள்.

பணம் பற்றிய காகிதத்தில் நான் முதலில் தேடுவது வங்கி இருப்பை இல்லை. அந்த இருப்பில் எவ்வளவு நம் விருப்பப்படி செலவழிக்கக்கூடியது, எவ்வளவு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று கட்டிப்போடப்பட்டது என்பதைத்தான். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வங்கியில் பணம் நிறைய இருந்தும் சம்பளம் கொடுக்க வழியில்லாத அறக்கட்டளைகளை நான் பார்த்திருக்கிறேன். கூடவே, புதுப் பணம் எதுவும் வராவிட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று ஒரு வரி, அடுத்த 12 மாத வரவு செலவு மதிப்பீடு ஒரு பக்கம். பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏன் என்று எழுதுங்கள். "எதிர்பாராத செலவு" என்பது காரணம் ஆகாது. தணிக்கையாளர் கடிதம் கொடுத்திருந்தால் அது முழுதாகக் குழுவுக்குப் போக வேண்டும், அதில் மட்டும் சுருக்கம் கூடாது.

கெட்ட செய்தியை முதலில் வையுங்கள். விழாப் படங்களுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

கோப்பு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம் என்றால் நடுவில் ஒரு சனி ஞாயிறு வரும், படிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் காகிதம், உண்மையான அவசரம் இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்துக்குத்தான். தலைவர் இரண்டு முறை இதில் கண்டிப்பாக இருந்துவிட்டால், மூன்றாம் முறை எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும், இது என் அனுபவம். "கூட்டத்திலேயே வாயால் விளக்கிவிடுகிறோம்" என்கிறவர்களுக்கு இன்னொரு வழக்கு. அறக்கட்டளை இல்லை, டிரான்ஸ் யூனியன் என்ற பெரிய கம்பெனி. அதை விற்பதற்கு அதன் இயக்குநர்கள் சுமார் இரண்டு மணி நேரக் கூட்டத்தில், தலைவர் 20 நிமிடம் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு, ஆவணத்தைப் பார்க்காமலேயே சம்மதித்தார்கள். விவரம் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டிய கடமையில் தவறினார்கள் என்று அமெரிக்காவின் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே இந்த நிலைமை.

நிகழ்ச்சி நிரலைத் தலைவரும் நிர்வாக இயக்குநரும் மூன்று வாரம் முன்பே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கனமான விஷயம் முதல் அரை மணிக்குள் வர வேண்டும், கடைசிக் கால் மணிக்கு அல்ல. சடங்கு மாதிரி நிறைவேற்ற வேண்டியவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே தீர்மானமாக முடித்துவிடலாம், யாராவது ஒருவர் "இதை எடுத்துப் பேச வேண்டும்" என்றால் மட்டும் வெளியே எடுத்தால் போதும். பக்க எண் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வரிசையாக ஓடட்டும். அப்புறம், அனுப்பிய பிறகு திருத்தினால் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பாதீர்கள், மாறிய பக்கத்தை மட்டும், என்ன மாறியது என்று சொல்லி அனுப்புங்கள். ஒரே கூட்டத்தில் மூன்று பேர் மூன்று பதிப்பை வைத்துக்கொண்டு வாதாடியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஒன்று, ஒப்பந்தப் புள்ளிகளை ஒப்பிடும் காகிதத்தை, போட்டியில் இருக்கும் கம்பெனிக்காரரின் அண்ணன் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்தே அவருக்கும் அனுப்புவது. கூட்டத்தில் அவர் எழுந்து வெளியே போனால் போதும் என்கிறார்கள். காகிதம் ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய்விட்டதே! யாருக்கு எதில் சொந்த நலன் இருக்கிறது என்ற பட்டியலை அனுப்பும் முன் பாருங்கள். இன்னொன்று, உதவி பெறும் குழந்தைகளின் பெயரையும் படத்தையும் நோய் விவரத்தையும் போட்டு, அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது. குழு முடிவெடுக்க அந்தக் குழந்தையின் பெயர் தேவையில்லை. நம்மை நம்பித் தன் கஷ்டத்தைச் சொன்ன தாயை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

உறுப்பினர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பு தாமதமாக வந்தால், "படிக்க நேரம் கிடைக்கவில்லை, முடிவைத் தள்ளிவைப்போம்" என்று சொல்லுங்கள். புரியாததைக் கூட்டத்துக்கு முன்பே போன் செய்து கேளுங்கள். உங்களுக்குப் புரியாத பக்கம் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரிந்திருக்காது.

அலுவலகத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் சிறிய அறக்கட்டளைகள் இதைப் படித்து மலைக்க வேண்டாம். உங்களுக்குப் பதினைந்து பக்கம் தாராளம்: நிகழ்ச்சி நிரல், போன கூட்டக் குறிப்பு, அதில் யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள் என்ற பட்டியல், பணம் இரண்டு பக்கம், முடிவெடுக்க வேண்டியவை.

அந்த அறக்கட்டளையில் இரண்டு வாரம் கழித்து ஒரு சிறப்புக் கூட்டம் நடந்தது. கோப்பு ஒன்பது பக்கம். முதல் பக்கத்தின் முதல் வரி: "பள்ளிக் கழிப்பறை நிதியிலிருந்து சம்பளத்துக்கு எடுத்த தொகையை எப்படித் திருப்பி வைப்பது என்று குழு இன்று முடிவெடுக்க வேண்டும்." கீழே மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் கணக்கு. தலைவர் தொடங்கி வைத்ததும் முதலில் பேசியவர் டீச்சர்தான். "நன்கொடையாளருக்கு நாம எப்போ சொல்லப் போறோம்?" என்று கேட்டார். ஐம்பது நிமிடம் பேசினார்கள். அன்று மாலையே கடிதம் போனது.