பட்டம் எந்த இடத்தில் தடைபடுகிறது? கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கான விதிமுறை விளக்கம்

மூன்று ஆண்டுகள் படித்து, ஆறு பருவத் தேர்வுகளையும் எழுதி முடித்த பிறகும் பட்டச் சான்றிதழ் கைக்கு வராமல் அலைகிற பிள்ளைகளை, கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் முதன்மைப் பாடத்தில் தோற்றவர்கள் அல்லர். யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு சிறு தாளிலோ, யாரோ ஒருவர் அனுப்ப மறந்த ஒரு பட்டியலிலோ மாட்டிக்கொண்டவர்கள்.

வணிகவியல் முடித்த ஒரு பெண், மஞ்சள் பையில் ஆறு மதிப்பெண் பட்டியல்களையும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போன சான்றிதழையும் வைத்துக்கொண்டு வந்தார். எல்லாத் தாளிலும் தேர்ச்சி. ஆனால் பகுதி 5 என்ற இடத்தில் எதுவும் பதிவாகவில்லை என்பதால் அவருக்குத் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வரவில்லை. கல்லூரியில் கேட்டால், “யுனிவர்சிட்டியில போய்ப் பாரும்மா” என்றார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், “காலேஜ்ல இருந்து லிஸ்ட்டே வரலையே” என்றார்கள். இப்படியே நான்கு முறை பேருந்து ஏறி இறங்கினார். முகாமில் அவர் வேலை செய்தது உண்மை. அந்த ஒரு வரியைப் பட்டியலில் ஏற்றி அனுப்பாதது அலுவலகத்தின் தவறு. அலைச்சல் மட்டும் அவருக்கு.

தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட், அதாவது ஒவ்வொரு தாளுக்கும் கணக்கிடப்படும் தகுதிப் புள்ளி, தேவை. அவை ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப்பாடங்களும். நான்காவது பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, பிற துறை விருப்பப்பாடம் போன்ற சிறு தாள்கள் வரும். ஐந்தாவது பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலான பணிகளுக்கு உரியது. பின்னணி இவ்வளவு போதும்.

பிள்ளைகள் விழுகிற குழி நான்காம், ஐந்தாம் பகுதிகளில்தான் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கணக்கிடும்போது இந்தப் பகுதிகளின் மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை. அதனால் “இது சும்மா பேப்பர்” என்ற பேச்சு வகுப்பறையில் பரவிவிடுகிறது, ஆசிரியர்களில் சிலரும் அதைத் திருத்துவதில்லை. வகுப்புக்குத்தான் அது சேராதே தவிர, பட்டத்துக்குக் கட்டாயம் சேரும். இரண்டு கிரெடிட் தாள் ஒன்றில் அரியர் இருந்தாலும், ஐந்தாம் பகுதியின் ஒரே ஒரு கிரெடிட் பதிவாகாமல் இருந்தாலும் பட்டம் கிடையாது. முதன்மைப் பாடத்தில் எடுத்த கூடுதல் மதிப்பெண் அந்தக் குறையை ஈடுகட்டாது. சுற்றுச்சூழல் கல்வி உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் எல்லா இளநிலைப் படிப்புகளிலும் கட்டாயமாக வந்தது என்பதால், அதில் எந்தக் கல்லூரியும் விலக்குத் தர முடியாது. தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் பாடம் உங்கள் பாடத்திட்டத்தில் கிரெடிட்டோடு இருந்தால், அதன் மதிப்பீட்டை முடிக்காமல் விட்டாலும் இதே கதிதான்.

மொழிப்பாடத்தில் இன்னொரு பொறி உண்டு. முதல் பகுதியில் இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம் போன்ற மொழியை எடுத்தவர், பள்ளியில் தமிழே படிக்காதவராக இருந்தால் நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழும், பள்ளியில் தமிழ் படித்தவராக இருந்தால் சிறப்புத் தமிழும் எழுத வேண்டும். மற்றவர்களுக்குத்தான் பிற துறை விருப்பப்பாடம். சேர்க்கையின்போது அவசரத்தில் யாரோ தவறான பெட்டியில் டிக் அடித்துவிட, விருப்பப்பாடம் எழுதித் தேறிய மாணவரிடம் இறுதியாண்டில் “உனக்கு இது செல்லாது, அடிப்படைத் தமிழ் எழுது” என்று சொன்னதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் பருவத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வருகைப்பதிவு ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக 75 விழுக்காடு இருக்க வேண்டும். முந்தைய பருவத்தில் 95 வைத்திருந்தேன் என்பது இந்தப் பருவத்துக்கு உதவாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் தகுந்த காரணம் காட்டி, கட்டணம் செலுத்திக் கண்டனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதி, பெறலாம். அதற்குக் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது, 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க நேரும். எல்லைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும் என்பதால் உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றிதழை உடல் தேறி வந்த முதல் வாரத்திலேயே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் கொண்டுபோய் நீட்டினால், “அன்னைக்கே ஏன் தரல” என்ற ஒரே கேள்வியில் கதவு மூடிவிடும்.

அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்பதே பரவலான முறை. மொத்தம் 40 வந்தால் தேர்ச்சி என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். பருவத் தேர்வில் மட்டும் தனியாக 40 விழுக்காடு, அதாவது 75-க்கு 30 எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கிறது. அகமதிப்பீட்டில் 22, தேர்வில் 28, மொத்தம் 50 எடுத்தவர் தோற்றவர். அகமதிப்பீட்டில் 10, தேர்வில் 30 எடுத்தவர் தேறியவர். மேலும், அரியர் எழுதும்போது பொதுவாகப் பழைய அகமதிப்பீட்டு மதிப்பெண்ணே தொடரும், அதை மறுபடி உயர்த்த வழியில்லை. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் ஆசிரியர் நீட்டுகிற மதிப்பெண் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும், உங்கள் பதிவெண்ணுக்கு நேரே இருக்கும் எண்ணை விரல் வைத்துப் பார்த்து, உங்கள் தேர்வுத்தாள்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்ட பிறகு போடுங்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு சொல்லும் எந்தக் குறையையும் அலுவலகம் காதில் வாங்காது.

அரியர் வைத்திருப்பவர்கள் “எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்” என்று இருந்துவிடக் கூடாது. படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகள் தரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல். அதற்குப் பிறகு கிடைப்பது பல்கலைக்கழகம் மனம் வைத்து அறிவிக்கிற சிறப்பு வாய்ப்பு மட்டுமே. இதற்கிடையே பாடத்திட்டம் மாறினால் பழைய தாளுக்கான தேர்வு சில முறைகளே நடக்கும். விண்ணப்பத்தில் பாடக் குறியீட்டை ஓர் எழுத்துத் தவறாக நிரப்பினால் வேறு தாளுக்குப் பணம் கட்டியதாகிவிடும் என்பதால், பழைய மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

முடிவு வந்ததும் மறுமதிப்பீட்டுக்குக் கிடைப்பது சில நாட்களே. மதிப்பெண் பட்டியல் அச்சாகி வரும்வரை காத்திருந்து அவகாசத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். இணையத்தில் முடிவைப் பார்த்த அன்றே அறிவிப்பைத் தேடுங்கள். மறுமதிப்பீட்டுக்கு முன் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பது நல்லது, கூட்டல் தவறு கண்ணுக்கே தெரியும். மதிப்பிடப்பட்ட விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்களுடையது சுயநிதிக் கல்லூரி என்றால் மனுவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள்.

இனி சான்றிதழ்கள். முதல் பருவ மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்போது ஒரு கடிதத்தில் முடிகிற திருத்தம், பட்டம் அச்சான பிறகு கட்டணமும் பிரமாணப் பத்திரமுமாக மாதக்கணக்கில் நீளும். தமிழ் வழியில் படித்தவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறும்போதே அதற்கான சான்றிதழை வாங்கிவிட வேண்டும். அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அதை நம்பித்தான் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்ததைக் காட்ட வேண்டியிருப்பதால், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அரசுத் தேர்வாணையம் கல்வித்தகுதியை அறிவிக்கை நாளன்று இருந்தபடிதான் பார்க்கும், “முடிவு அடுத்த வாரம் வந்தது” என்பது அங்கே எடுபடாது.

கட்டண பாக்கிக்காகப் பள்ளி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கிற கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. அசல்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித்தர வேண்டும் என்பது மானியக் குழுவின் ஆணை. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அதைத் தனியாக வசூலிக்கட்டும். தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்பதும் 2008 முதல் விதியாக இருக்கிறது.

அலுவலகம் இழுத்தடித்தால் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைகேள் அலுவலருக்கு மேல்முறையீடு செய்யலாம், அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். மஞ்சள் பையோடு வந்த பெண்ணுக்கும் எழுத்தில் கேட்ட பிறகுதான் முடிந்தது. முகாம் சான்றிதழின் நகலை இணைத்து, கல்லூரி முதல்வருக்கு ஒன்றும் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு ஒன்றுமாக ஒரே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்ப வைத்தேன். இரண்டு அட்டைகளும் கையெழுத்தாகித் திரும்பி வந்த பிறகு, “லிஸ்ட் வரல” என்று சொல்ல இரு பக்கத்திலும் ஆள் இல்லை.