அலை அடங்கியிருக்கும் பக்கம் இறங்காதீர்கள்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் குடும்பம் குடும்பமாக நீராடுகிறார்கள். குழந்தைகளோடு வருபவர்கள் அலைக்குப் பயந்து, அலை அடங்கியிருக்கும் பக்கமாகப் பார்த்து இறங்குவார்கள். பல சமயம் இழுப்பு, அதாவது ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரோட்டம், இருப்பது அங்கேதான்.

கரையேறிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால், சுற்றிலுமுள்ள தண்ணீர் அங்கே கூடிக் கடலுக்குள் ஓடும். பள்ளம் ஆழம் என்பதால் அலை உடையாது. பார்வைக்குச் சாந்தமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் தண்ணீர் மணலோடு கலங்கியிருக்கும். நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். வேகம் கூடினால் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்து வர முடியாது. இறங்குமுன் மேட்டில் நின்று 10 நிமிடமாவது பாருங்கள்.

கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இறங்கக் கூடாது. கரையோரமாக ஓடிவரும் நீரோட்டம் கல்லில் முட்டி, கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்பும். முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் முழங்கால் அளவு இருந்த இடத்தில் இந்த வருடம் ஆள் மூழ்கலாம். ஆற்றில் வரத்து கூடினாலும், கடல் வற்றும் நேரத்திலும் இழுப்பு அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைக்காலத்தில், கடலில் இறங்கவே வேண்டாம்.

நனைந்த புடவையும் வேட்டியும் காலைச் சுற்றிக்கொள்ளும். நீராடுவதற்கு முழங்கால் ஆழம் போதும், செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். பெரியவருக்கு முழங்கால் என்றால் சின்னக் குழந்தைக்கு அது நெஞ்சளவு. குழந்தைக்குக் கடல் பக்கமாக, கை எட்டும் தூரத்தில் பெரியவர் நிற்க வேண்டும்.

இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் கத்துங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, கற்களை விட்டு விலகி நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு கரை சேருங்கள்.

காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது இங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. கயிறு, முடிச்சுப் போட்ட வேட்டி, மூடி இறுக்கிய காலி கேன் என எது கிடைத்தாலும் வீசுங்கள். பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் 108-க்குப் பேசட்டும்.

கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறிச் செய்யுங்கள். பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் வீட்டுக்கு அழைத்துப் போகாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறல் கூடலாம். 6 முதல் 8 மணி நேரமாவது மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.