முதலில் பேட்டன்ட் விண்ணப்பம், பிறகுதான் ஆய்வரங்கு

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் கற்பிக்கிறார்கள், விஞ்ஞானப் பாடங்களும் கற்பிக்கிறார்கள். அப்படியொரு இடத்தில் ஒரு தைலமோ நொதியமோ சந்தைக்குப் போகக்கூடியது என்று தெரியவந்தால், அது யாருக்குச் சொந்தம், யாருக்கு விற்கலாம், எப்போது வெளியில் பேசலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆய்வு நிறுவனத்தின் வணிகப் பொறுப்பாளர் என்னதான் திட்டம் போட்டாலும் இந்தச் சட்டத்தின் மேல்தான் போட முடியும்.

பேட்டன்ட், அதாவது ஆக்கவுரிமை, கிடைக்க வேண்டுமென்றால் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்படவும் வேண்டும். பலர் தடுக்கி விழுவது முதலாவதில். வருடாந்த ஆய்வரங்குக்கு ஒரு பக்கச் சுருக்கம் கொடுக்கிறோம். எந்த இலை, எந்தக் கரைப்பான், எத்தனை பாகை சூட்டில் எவ்வளவு நேரம் என்று எல்லாம் அதில் வந்துவிடும். சுருக்கத் தொகுப்பு இணையத்தில் ஏறிய அன்றே அது ஊரறிந்த விஷயம். நம் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: விண்ணப்பதாரரே வெளியிட்டிருந்தால், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் புதுமை போகாது. ஐரோப்பாவில் இந்தச் சலுகை இல்லை. மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் பெரிய சந்தை அங்கேதான் என்று நினைப்பவர் ஒரு சுவரொட்டி ஒட்டியே அந்தச் சந்தையை இழந்துவிடலாம். ஆகவே விண்ணப்பத்தைப் பதிந்த திகதி கையில் வந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் பேசுங்கள். அதற்கு முன்பே ஒரு கம்பனியிடம் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்காமல் கோப்பைத் திறக்க வேண்டாம்.

எதற்கெல்லாம் பேட்டன்ட் கிடையாது என்பது உயிரியல் ஆட்களுக்கு முக்கியம். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்வோம். அந்த ஏழு கிணறுகளில் ஒன்றில் புதிய பக்டீரியா ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தபடியே அதற்கு உரிமை கேட்க முடியாது. மரபணு மாற்றிய நுண்ணுயிருக்கு மட்டுமே சட்டம் இடம் வைத்திருக்கிறது. தாவரம், விலங்கு, வெறும் கண்டறிதல் ஆகியவையும் வெளியே. ஆனால் அந்தப் பக்டீரியாவின் நொதியத்தைக் கொண்டு நீங்கள் உருவாக்கிய செய்முறைக்கு வழி உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் கண்டு, 1969இல் விவரித்த பக்டீரியாவிலிருந்து வந்ததுதான் டாக் நொதியம். அதைக் கொண்டு டிஎன்ஏ துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையின் உரிமையை 1991இல் ரோஷ் நிறுவனம் 30 கோடி டொலருக்கு வாங்கியது. ஊற்று இருந்த பூங்காவுக்கு அதில் ஒரு சதமும் போகவில்லை. கன்னியாத் தண்ணீர் அந்த அளவுக்குக் கொதிப்பதில்லை, அது வேறு கதை. இடமோ தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது, போத்தலோடு போவதற்கு முன் அனுமதி எடுக்க வேண்டும்.

சித்த மருந்துக்கும் இதே கணக்குத்தான். ஏட்டில் உள்ள தைலத்தை அப்படியே காய்ச்சினால் அதில் புதுமை இல்லை. நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கும் பேட்டன்ட் கிடையாது. அந்தச் சிகிச்சையில் பயன்படும் புதிய பொருளுக்குக் கிடைக்கும். கெட்டுப்போகாமல் நிற்கிற வடிவம், புதிய பிரித்தெடுப்பு முறை போன்றவற்றை நோக்கி ஆய்வைத் திருப்பினால் பலன் உண்டு.

சரி, உரிமை யாருக்கு? வேலை ஒப்பந்தத்தின்படி செய்த ஆய்வில் வந்தது என்றால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவருக்கு. ஆனால் யாரும் எதிர்பார்த்திராத அளவு பெறுமதி வந்துவிட்டால், கண்டுபிடித்தவர் நியாயமான ஊதியம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இது இருப்பதே பல இளம் ஆய்வாளர்களுக்குத் தெரியாது. நியமனக் கடிதத்தையும் ஆய்வு நிதி ஒப்பந்தத்தையும் தொடக்கத்திலேயே ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். பணம் வந்த பிறகு வாசித்தால் சண்டைதான்.

உரிமை 20 வருடம் நிற்கும், விண்ணப்பத் திகதியிலிருந்து எண்ண வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் இடையிலேயே போய்விடும். உலகம் முழுவதற்கும் ஒரே பேட்டன்ட் என்று ஒன்று இல்லை. இங்கே விண்ணப்பித்து 12 மாதத்துக்குள், அதே முன்னுரிமைத் திகதியோடு, அதாவது இங்கே முதலில் விண்ணப்பித்த திகதியே அங்கேயும் கணக்கில் எடுக்கப்படும்படி, வெளிநாடுகளில் விண்ணப்பிக்கலாம். பல நாடுகளுக்கும் ஒரே விண்ணப்பத்தில் தொடங்க வழிசெய்யும் பேட்டன்ட் ஒத்துழைப்பு உடன்படிக்கை (பிசிடி) வழியாகப் போனால், பெரும்பாலான நாடுகளில் முதல் திகதியிலிருந்து 30 மாதம் வரை யோசிக்க நேரம் கிடைக்கும். வணிக மூளை வேலை செய்ய வேண்டியது இந்த இடைவெளியில்தான். வாங்கக்கூடியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து, அந்த நாடுகளுக்கு மட்டும் காசு கட்டுங்கள். பெருமைக்காகப் பத்து நாட்டில் போட்டால் ஆய்வுகூடத்தின் நிதி கரைந்துவிடும்.

முழுதாக விற்பதா, உரிமத்துக்குக் கொடுத்துப் பங்கு வாங்குவதா? 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக், வேலியோரம் நிற்கிற சீமைக்கிளுவைத் தடிக்குள் யூரியா பூசிய நுண்துகள்களை அடைத்து, சத்தை மெதுவாக விடும் உரம் ஒன்றைச் செய்து, அந்தத் தொழில்நுட்ப உரிமையை இந்தியாவின் நாகார்ஜுனா உர நிறுவனத்துக்கு விற்றது. தொழிற்சாலை போட வசதியில்லாத சிறிய ஆய்வுக்குழுவுக்கு உரிமம் கொடுப்பதுதான் பொதுவாக நல்லது என்பது என் எண்ணம். எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியவும் வேண்டும்.

இன்னொன்று: பேட்டன்ட் விற்பனை அனுமதி அல்ல. மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டுமே அது. மருந்தாக விற்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடமும், சித்த மருந்தென்றால் ஆயுர்வேதத் திணைக்களத்திடமும் தனியே போக வேண்டும்.

விண்ணப்பத்தை ஏற்பது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கண்டுபிடிப்பின் விவரணம், உரிமைக் கோரிக்கைகள் (எதெதற்கு உரிமை கேட்கிறோம் என்ற பட்டியல்), தேவையான வரைபடம், சுருக்கம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். இவற்றில் உரிமைக் கோரிக்கைகளை எழுதுவதற்கு மட்டும் அனுபவமுள்ள முகவர் ஒருவருக்குக் காசு கொடுப்பது வீண்செலவல்ல. 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு தனியாகக் கண்டுபிடிப்பவர்களுக்கு உதவுவதற்கென்றே இருக்கிறது; நிறுவனத்தின் பின்பலம் இல்லாதவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.