ஒட்டுக்கட்டிய மடிக்கணினி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்று செம்பனை நிற்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். அப்பா தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தார். விதையில் முளைத்த நாற்றின் பட்டையைக் கத்தியால் கீறித் திறப்பார். நிறையப் பால் தரும் மரத்திலிருந்து சீவியெடுத்த மொட்டை உள்ளே செருகி, நாடாவால் இறுகக் கட்டுவார். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனத்தின் பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். பட்டைக்கு அடியில் வழவழப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். மொட்டின் படலமும் நாற்றின் படலமும் தொட்டுக்கொண்டால்தான் கட்டு பிடிக்கும், வெளியே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பயனில்லை என்பார்.

சென்ற ஆண்டு அக்காள் மகள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தபோது அந்தப் படலம் நினைவுக்கு வந்தது. ஈப்போவில் கணினித்துறை படிக்கிறாள். ஐபோனில் இயங்கும் செயலி ஒன்றை எழுதிப் பார்க்க ஆசை. அதற்கான எக்ஸ்கோட் என்ற மென்பொருள் மேக் ஓஎஸ் இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். புதிய மேக்புக் வாங்க வீட்டில் வசதியில்லை. அவளிடம் இருந்தது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி. உள்ளே 2017இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-8250யூ நுண்செயலி.

“மாமா, இதில் மேக் போட முடியுமா?” என்று கேட்டாள்.

முடியும். ஆப்பிள் நிறுவனம் 2005இல் பவர்பிசி சில்லுகளைக் கைவிடுவதாக அறிவித்து, 2006 ஜனவரியில் இன்டெல் சில்லு பொருத்திய முதல் மேக் கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து மேக்கின் உள்ளே இருந்ததும் விண்டோஸ் கணினியின் உள்ளே இருந்ததும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பாகங்கள்தான். வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு கணினி தன்னிடம் என்னென்ன இருக்கின்றன என்று இயங்குதளத்திடம் விவரிக்கும் விதத்தில் இருக்கிறது. அந்த விவரத்தை மேக் ஓஎஸ் புரிந்துகொள்ளும் வகையில் திருத்தி எழுதுவதே இந்த வேலையில் முக்கால் பங்கு.

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ நிரல். அது வட்டில் இஎஃப்ஐ என்ற சிறு பிரிவைத் தேடி, இயங்குதளத்தை எழுப்பும் துவக்கி நிரலை அங்கிருந்து இயக்கும். உண்மையான மேக்கில் ஆப்பிளின் துவக்கியே நேராக ஓடும். நம் கணினியில் அதற்கு முன்னால் ஓப்பன்கோர் என்ற திறந்தமூலத் துவக்கியை நிறுத்துகிறோம். அது மூன்று காரியம் செய்கிறது: கணினி தரும் விவர அட்டவணைகளில் திருத்தங்களைச் சேர்க்கிறது, வன்பொருளோடு பேசத் தேவையான இயக்கி நிரல்களை நினைவகத்தில் ஏற்றுகிறது, ‘நான் 2017ஆம் ஆண்டு மேக்புக் புரோ’ என்று ஓர் அடையாளத்தைத் தருகிறது. வட்டில் இருக்கும் இயங்குதளக் கோப்புகளை அது தொடுவதில்லை. 2020இல் வந்த பிக் சர் என்ற மேக் ஓஎஸ் பதிப்பிலிருந்து ஆப்பிள் அந்தக் கோப்புகள் இருக்கும் பகுதிக்கு மின்முத்திரை வைத்துவிட்டது. உள்ளே ஒரு கோப்பு மாறினாலும் முத்திரை உடைந்துவிடும். அதனால்தான் எல்லாத் திருத்தமும் நினைவகத்திலேயே நடக்க வேண்டியிருக்கிறது.

இன்டெல் மேக்கில் எஸ்எம்சி என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. விசிறி வேகம், வெப்பநிலை போன்றவற்றைக் கவனிப்பது அதன் அன்றாட வேலை. அதற்குள் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வாசகமும் இருக்கிறது. எங்கள் கடின உழைப்பை இச்சொற்கள் காக்கின்றன, தயவுசெய்து திருடாதீர்கள் என்பது அதன் பொருள். இயங்குதளத்தின் சில முக்கிய நிரல்கள் அந்த வாசகத்தைச் சாவியாக வைத்துப் பூட்டப்பட்டவை. எஸ்எம்சி இல்லாத கணினியில் அந்தச் சில்லைப் போல நடிக்கும் வெர்ச்சுவல்எஸ்எம்சி என்ற இயக்கியை ஏற்றாமல் மேக் ஓஎஸ் எழவே எழாது.

இந்த இடத்தில் அவளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம், மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது. நாம் செய்வது அந்த ஒப்பந்தத்துக்கு மாறானது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் இப்படிக் கணினிகளைத் தயாரித்து விற்றது. ஆப்பிள் 2008இல் வழக்குத் தொடுத்தது, 2009இல் நீதிமன்றம் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்து அந்த விற்பனைக்குத் தடை விதித்தது. தானே கற்றுக்கொள்ள ஒரு கணினியில் முயல்வது வேறு, கடை வைத்து மற்றவர்களுக்குப் போட்டுக்கொடுத்துக் காசு வாங்குவது வேறு. இரண்டாவதை ஒருபோதும் செய்யாதே என்றேன்.

பென்டிரைவில் நிறுவியைத் தயாரித்து வென்ச்சூரா என்ற மேக் ஓஎஸ் பதிப்பை ஏற்றினோம். எழுந்தது. ஆனால் தொடுபலகை செத்துக் கிடந்தது, பேட்டரிக் குறி இல்லை, ஒலி இல்லை, வைஃபை இல்லை, திரையில் சாளரங்கள் இழுத்து இழுத்து நகர்ந்தன. மொட்டை வைத்துக் கட்டியாயிற்று, படலம் இன்னும் சேரவில்லை.

தொடுபலகையிலிருந்து தொடங்கினோம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏசிபிஐ என்ற பொதுத்தரத்தை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996இல் வெளியிட்டன. அதன்படி ஒவ்வொரு கணினியும் டிஎஸ்டிடி என்ற அட்டவணையைத் தன்னுள்ளே வைத்திருக்கும். எந்தக் கருவி எங்கே இருக்கிறது, அதை எப்படி எழுப்புவது, எப்படித் தூங்கவைப்பது என்பதெல்லாம் அதில் சிறுசிறு நிரல்களாக எழுதப்பட்டிருக்கும். அந்த நிரல்கள் இயங்குதளத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கின்றன: ‘நீ விண்டோஸ் 2015ஆ?’ அங்கே விண்டோஸ் 10க்கு அதுதான் பெயர், ஆகவே அது ‘ஆம்’ என்று பதில் சொல்லும். உடனே ஐ2சி என்ற இணைப்புத் தடத்தில் உள்ள தொடுபலகையை எழுப்பு என்று நிரல் கட்டளையிடும். மேக் ஓஎஸ்ஸோ தன் உட்கருவின் பெயரான டார்வின் என்று மட்டுமே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். எங்கள் மடிக்கணினியைத் தயாரித்தவர்கள் டார்வின் என்ற பெயரை எதிர்பார்க்கவில்லை. ஆகவே தொடுபலகைக்கான பகுதியையே நிரல் தாண்டிப் போய்விட்டது. பலகையில் பழுது ஏதும் இல்லை, அதை யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு எளிமையும் அழகும் கொண்டது. ஏசிபிஐயில் ஒவ்வொரு பெயரும் சரியாக நான்கு எழுத்து நீளம். அந்தக் கேள்வியைக் கேட்கும் கட்டளையின் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால், நீளம் மாறாது, அட்டவணையும் குலையாது. ஓப்பன்கோர் அந்த மாற்றத்தை நினைவகத்திலேயே செய்துவிடும். பிறகு புதிய பெயருக்கான விடையை எஸ்எஸ்டிடி என்ற துணை அட்டவணையில் நாமே எழுதுகிறோம்: ஓடுவது டார்வின் என்றால், விண்டோஸா என்று கேட்கும்போதும் ஆம் என்று சொல். அதோடு வூடூஐ2சி இயக்கியையும் சேர்த்து மறுபடி முடுக்கினோம். அவள் விரலை வைத்தாள், அம்புக்குறி நகர்ந்தது. சமையலறையிலிருந்த அக்காள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டாள்.

பேட்டரி விவகாரம் வேறு மாதிரி. மடிக்கணினியின் பேட்டரியைக் கவனிக்க ஒரு சிறு கட்டுப்பாட்டகம் இருக்கிறது. மீதியுள்ள மின்னேற்றம், மின்னழுத்தம் போன்ற எண்களை அது தன் நினைவறைகளில் எழுதி வைக்கும். ஓர் அறைக்கு 8 பிட், அதாவது 0 முதல் 255 வரையுள்ள எண் மட்டுமே கொள்ளும். மீதி 3,500 மில்லியாம்பியர் மணி என்று எழுத அது போதாது, இரண்டு அறைகளைச் சேர்த்து 16 பிட்டாக எழுத வேண்டும். விண்டோஸ் அந்த இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிடும். மேக் ஓஎஸ் இந்தக் கட்டுப்பாட்டகத்திடமிருந்து ஒரு தடவைக்கு 8 பிட்டுக்கு மேல் படிக்காது. பெரிய புலத்தைக் கண்டதும் பிழை என்று திரும்பிவிடும்.

முன்பெல்லாம் டிஎஸ்டிடியைப் பிரித்து, ஒவ்வொரு பெரிய புலத்தையும் இரண்டு சிறிய புலங்களாகக் கையால் பிளந்து எழுதுவார்கள். அதை அவளுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். ஓர் அறையில் 13, இன்னோர் அறையில் 172. முதலாவதை 256ஆல் பெருக்கினால் 3,328. இரண்டாவதைக் கூட்டினால் 3,500. இப்போது ஈசிஎனேப்ளர் என்ற இயக்கி இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. அதைப் போட்டதும் மேல்மூலையில் பேட்டரிக் குறி வந்தது. இயக்கியைப் போடுவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்வேன். அடுத்த முறை குறி காணாமல் போனால் எங்கே தேடுவது என்று தெரிந்திருக்கும்.

வரைகலையில் நாங்கள் தப்பித்தது பாதி நல்வாய்ப்பால். இவளுடைய நுண்செயலிக்குள் இருப்பது யூஎச்டி 620 வரைகலைப் பகுதி, அதன் அடையாள எண் 5917. இந்த எண்ணுள்ள மேக்கை ஆப்பிள் விற்றதில்லை, ஆகவே அதன் இயக்கியின் பட்டியலில் இந்த எண் கிடையாது. ஆனால் முந்தைய எச்டி 620இன் எண்ணான 5916 இருக்கிறது. இரண்டுக்கும் உள்கட்டமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வாட்டெவர்கிரீன் என்ற இயக்கியின் துணையோடு 5916 என்று சொல்லிவைத்தோம். சாளரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.

இதே தந்திரம் எல்லா இடத்திலும் செல்லாது. 11ஆம் தலைமுறை இன்டெல் சில்லுகளில் உள்ள ஐரிஸ் எக்ஸ்இ வரைகலைக்கு ஆப்பிள் இயக்கி எழுதவே இல்லை, ஏனெனில் அந்தச் சில்லோடு எந்த மேக்கும் வரவில்லை. என்விடியாவின் பாஸ்கல் வகை அட்டைகளுக்கு 2017இல் வந்த ஹை சியரா பதிப்போடு கதை முடிந்தது. அடையாள எண்ணை எப்படி மாற்றிச் சொன்னாலும் அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த இயக்கி இருக்க வேண்டுமே. மேக் ஓஎஸ்ஸுக்கென்று பழைய கணினி வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வரைகலைச் சில்லின் பெயரைக் கேளுங்கள்.

ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி. ஒலிச்சில்லின் எந்த முனை ஒலிபெருக்கிக்குப் போகிறது, எது ஒலிவாங்கியிலிருந்து வருகிறது என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். அந்த இணைப்பு வரைபடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நம் சில்லுக்குரிய எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் மறுபடி முடுக்கிக் கேட்டுப் பார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும். வைஃபையும் இன்டெல் அட்டைதான். ஆப்பிள் ஒருபோதும் அதைப் பயன்படுத்தாததால், ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் இயக்கியைத் தழுவி ஆர்வலர்கள் எழுதியதைப் போட்டோம். இணையம் வருகிறது, ஆப்பிள் கருவிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வராது.

கடைசியாக ஒரு தொல்லை. மூடியைச் சாத்தினால் தூங்கியது, சில நொடிகளில் தானே விழித்துக்கொண்டது. காரணம் யூஎஸ்பி. மேக் ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 வாய்களுக்கு (போர்ட்) மேல் ஏற்காது. வெளியே தெரியும் துளைகள் மூன்றோ நான்கோதான். ஆனால் ஒரு யூஎஸ்பி 3 துளை, பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று என இரண்டாக எண்ணப்படும். புகைப்படக்கருவியும் புளூடூத்தும்கூட உள்ளே யூஎஸ்பியில்தான் தொங்குகின்றன. இவை போதாதென்று, எதனோடும் இணைக்கப்படாத வாய்களையும் கணினி இருப்பதாகச் சொல்லிவிடுகிறது. பென்டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகி எது எந்த எண் என்று குறித்துக்கொண்டோம். உண்மையில் இருப்பவற்றை மட்டும் பட்டியலிட்டு, உள்ளே இருப்பவை உள்ளிணைப்பு என்றும் குறித்தோம். அன்றிரவு மூடியைச் சாத்தினோம், காலையில் திறக்கும்வரை தூங்கியது.

இந்த வழிக்கு நீண்ட ஆயுள் இல்லை. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1க்கு மாறியது. 2025 ஜூனில், இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசிப் பதிப்பு தாஹோதான் என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு வருபவற்றில் இன்டெல்லுக்கான கட்டளைகளே இருக்காது, திருத்த எதுவும் மிஞ்சாது. அவளுடைய வென்ச்சூராவில் எக்ஸ்கோட் 15.2 வரைதான் ஓடும். ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் செயலிகளை எக்ஸ்கோட் 16இலோ அதற்குப் பிந்தியதிலோ கட்ட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் வந்தது. ஆகவே எழுதுவதும் ஓட்டிப் பார்ப்பதும் இதில், வெளியிடும் நாள் வந்தால் கல்லூரியில் உள்ள மேக்கில் என்று முடிவு செய்திருக்கிறாள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட்டோம். ஒழுங்காக வேலை செய்யும் இஎஃப்ஐ கோப்புறையின் நகல் ஒரு பென்டிரைவில் ஏறி அவளுடைய பென்சில் பெட்டியில் இருக்கிறது. எதை மாற்றினாலும் முதலில் பென்டிரைவிலிருந்து துவக்கிப் பார்க்க வேண்டும், ஒழுங்காக எழுந்த பிறகுதான் வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். ஈப்போ பஸ்ஸில் ஏறும்போதும் அதைத்தான் அவளுக்கு நினைவூட்டினேன்.