நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சாக்குத் துணி போர்த்திக் கிடந்த பழைய கணினியைச் சென்ற மாதம் கீழே இறக்கினேன். விண்டோஸ் 98 ஓடிய பெட்டி அது. வேலை நடக்கும்போது மட்டும் தரவைத் தாங்கும் ரேம் 64 மெகாபைட்டும், கோப்புகளை வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் 4.3 கிகாபைட்டும் கொண்டது. தறிக்காரர்களுக்கு அப்பா கொடுத்த பாவு, பட்டு நூல் கணக்கும், அக்காவின் திருமண அழைப்பிதழுக்காக அவர் திரும்பத் திரும்பத் திருத்திய வாசகமும் அதில்தான் இருந்தன. மின்சாரம் கொடுத்ததும் திரை இருண்டே இருந்தது. பெட்டி மட்டும் விட்டுவிட்டு ஒலித்தது. பழுது பார்க்கும் கடையில் இருந்த இளைஞர், "மெமரி போயிருச்சுங்க சார்" என்றார். எந்த மெமரி என்று கேட்டேன். "நிரந்தர நினைவகமா இருக்கும்ங்க" என்று, எங்கோ படித்த தமிழை எனக்காகத் தேடி எடுத்துச் சொன்னார். அப்பாவின் கணக்கு அழிந்துவிட்டது என்று எண்ணி இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது தெரிந்தது, பழுது ரேமில் மட்டுமே என்று. அதன் பொன்முலாம் பூசிய விளிம்பில் படிந்திருந்த கறையை அழிரப்பரால் தேய்த்து மீண்டும் செருகியதும் கணினி எழுந்தது. ஹார்டு டிஸ்க்குக்கு எதுவும் ஆகவில்லை. அப்படித் திரும்பிப் போய்க் கேட்காத ஒருவர் அந்தப் பெட்டியை அன்றே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருப்பார்.

மெமரி என்பது மனத்தில் வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் 'மெமோரியா'விலிருந்து வந்த சொல். கணினிக்கு அது முதலில் வழங்கிய பெயர் அன்று. 1837-இல் பகுப்புப் பொறி என்னும் இயந்திரக் கணினியை வடிவமைத்த ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ், எண்களை வைக்கும் பகுதியை 'ஸ்டோர்' என்றும், கணக்குப் போடும் பகுதியை 'மில்' என்றும் அழைத்தார். 1945-இல் எட்வாக் கணினி பற்றிய அறிக்கையில் கணித அறிஞர் ஜான் வான் நியூமன், பொறியின் உறுப்புகளை மூளையின் நரம்புகளோடு ஒப்பிட்டு எழுதிய பிறகே 'மெமரி' பரவலாக நிலைத்தது. தமிழில் நினை, நினைவு, நினைவகம் என அது நேராகவே வந்து சேர்ந்தது. நினைவகம் என்பதற்கு மறைந்த தலைவர்களுக்கு எழுப்பும் கட்டடம் என்ற பொருளும் உண்டு. இடம் நோக்கிப் பொருள் தெரிந்துவிடுவதால் அதில் தொல்லை இல்லை.

தொல்லை 'நிரந்தர நினைவகம்' என்னும் தொடரில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அணைத்தால் அழியும் ரேமையும், படிக்க மட்டுமே ஆன, அணைத்தாலும் அழியாத ரோமையும் பிரித்துக் காட்ட, ரோமுக்கு அதே பெயரை வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே பெயர் இரண்டு உறுப்புகளுக்கு. போதாக்குறைக்கு, நிரந்தரம் என்னும் வடசொல்லுக்கு இடையறாதது என்பதே பொருள். எந்தத் தட்டு இடையறாமல் நின்றது? ஓடிச் சுழலும் தட்டும் அதன் மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் தலையும் தேயும், மோதும், ஒரு நாள் நிற்கும். நிரந்தரம் என்ற சொல்லை நம்பி நகல் எடுக்காமல் விட்டவர்களுக்கு அந்தச் சொல்லே கேடு செய்தது.

அடைமொழியை நீக்கினாலும் குறை தீராது, ஏனெனில் அடிச்சொல்லே அந்த உறுப்புக்குப் பொருந்தவில்லை. பாபேஜின் இரு பெயர்களும் நூற்பாலையிலிருந்து வந்தவை என்பதால், இதை அம்மாபேட்டைக்காரருக்கு விளக்குவது எளிது. தறியில் ஏறிய பாவும் (நீள நூல்), ஊடே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் தாரும் (குறுக்கு நூல் சுற்றிய கண்டு) நெய்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளவை. வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடக்கும் நூலை எடுத்து வந்து சுற்றி ஏற்றாமல் ஒரு விரல் துணிகூட நெய்ய முடியாது. கணினியில் கணக்குப் போடும் செயலியும் (பிராசசர்) ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை நேரே தொட்டு வேலை செய்வதில்லை. ரேமுக்குக் கொண்டுவந்த பிறகே செய்கிறது. ஆகவே கைக்கு எட்டுவது நினைவகம், மூட்டையாக இருப்பது சேமிப்பகம். பட்டுத்தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கும், பூவேலையைத் துளைகளாக வைத்திருக்கும் துளையட்டைகளும் சேமிப்பகமே. அந்த அட்டைகளைத்தான் பாபேஜ் தம் பொறிக்கு எடுத்துக்கொண்டார்.

மின்சாரம் நின்றால் மறப்பதுதான் நினைவகம் என்று சிலர் வரையறுப்பார்கள். அதுவும் சரியன்று. 1950களிலும் 60களிலும் பெரிய கணினிகளில் இருந்த காந்த வளைய நினைவகம் மின்சாரம் நின்றாலும் மறக்கவில்லை. இன்றைய ரேமில் உள்ள நுண்ணிய மின்தேக்கிகள் சில பத்து மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவை இழந்துவிடும் என்பது அதைச் செய்த முறையின் இயல்பு. பெயர் வைக்கும்போது பார்க்க வேண்டியது செயலிக்கும் அதற்கும் உள்ள உறவை.

செல்பேசித் திரைகளை மொழிபெயர்ப்போர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. படங்கள் நிறைந்தாலும் 'நினைவகம் நிரம்பியது', செயலிகள் (ஆப்கள்) அளவுக்கு மீறித் திறந்திருந்தாலும் 'நினைவகம் போதவில்லை'. முதலதற்குப் படங்களை வேறிடம் மாற்ற வேண்டும். இரண்டாவதற்குச் சில செயலிகளை மூடினால் போதும். எங்கள் பெரியம்மா, செல்பேசி மெதுவாக ஓடுகிறது என்பதற்காக, ஏற்காட்டுக்கு எல்லோரும் போய் வந்தபோது பெரியப்பாவோடு எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். பெரியப்பா இப்போது இல்லை. செல்பேசி வேகமாகவும் ஆகவில்லை. ஒரு சொல்லைச் சரியாக எழுதியிருந்தால் அந்தப் படங்கள் இருந்திருக்கும்.

சேமிப்பு என்பது சேமம் வழி வந்ததால் வடமொழித் தொடர்புடையது என்று தனித்தமிழ் அன்பர்கள் மறுப்பார்கள். அவர்கள் தரும் 'வைப்பகம்' எனக்கும் உவப்பானது. திருக்குறளில் 'பொருள்வைப் புழி' என்று பொருளை வைக்கும் இடத்துக்கே அந்த வேர் வருகிறது. ஆனால் வைப்பகம் என்றால் வங்கி என்று அதே அன்பர்களே முன்னர் எழுதிவிட்டார்கள். ஒரு குழப்பத்தை நீக்க இன்னொன்றைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. சேமிப்புக் கணக்கு என்னும் தொடரால் கடைவீதி வரைக்கும் பழகிய 'சேமிப்பகம்' போதும். ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு, பென் டிரைவ் எல்லாம் அதில் அடங்கும். ரேம் மட்டும் நினைவகம்.

அந்த இளைஞரிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டு, ரசீதில் "நினைவகம் துடைத்துப் பொருத்தப்பட்டது, சேமிப்பகம் நன்றாக உள்ளது" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.